கதவைப் பற்றி மட்டும் பேசினோம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் நல்ல பேர் வாங்கிய கதைகளைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் அவையும் உண்டு. ஆனால் என் பணி நிறைவு விழாவில் மைக் கிடைத்தவர்கள் எல்லாரும் அவற்றைச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள், நடக்காததையும் நாலு சேர்த்து. அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. நான் போட்ட ஒரு கையெழுத்தால் நூற்றைம்பது பேர் ஒரே அறையில் மூழ்கிச் செத்திருப்பார்கள். அதைச் சொல்கிறேன். பொன்மொழி வேண்டுமென்றால் டைரியின் அடியில் அச்சடித்திருப்பார்கள், அங்கே படித்துக்கொள்ளுங்கள்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு பழைய கலை அரங்கம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு, சிலம்பப் பயிற்சி, நாடக ஒத்திகை, பொங்கலுக்குக் கோலப் போட்டி எல்லாம் அங்கேதான். கூரை ஒழுகியது, மேடைப் பலகை உளுத்துப் போயிருந்தது. அரசும் தனியாரும் சேர்ந்து புதுப்பிக்கும் திட்டத்தில் அதைச் சேர்த்தார்கள். ஒரு கம்பெனி தன் செலவில் சீர்செய்யும், பதினைந்து வருஷம் நடத்தும், விழாக்களுக்கு வாடகைக்கு விடும். வாரத்தில் மூன்று நாள் ஊர்க்காரர்களுக்கு இலவசம். அரசுப் பொறியாளராக எங்கள் அலுவலகத்தின் தரப்பில் அதற்கு முழுப் பொறுப்பு நான். கம்பெனி கொடுக்கும் எந்த வரைபடமும் என் கையெழுத்து இல்லாமல் நகராது.

அந்த அரங்கத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. வாசலில் ஐந்து படிகள். அந்தத் தெருவில் வேறு எந்தக் கட்டடத்துக்கும் அந்த உயரம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்து, கடலும் அதை வாங்காமல் எதிர்த்துத் தள்ளினால், பள்ளத்தெரு ஜனங்கள் யாரும் சொல்லாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் படியேறிவிடுவார்கள். மேடைக்கு முன்னால் இருக்கும் வெற்றுத் தரையில் இரண்டு மூன்று நாள் படுத்திருந்துவிட்டுத் தண்ணீர் வடிந்ததும் போவார்கள்.

திட்டத்தைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் முதல் கேள்வியே இதுதான். எழுந்து கேட்டவர் சவரிமுத்து. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர், வருஷா வருஷம் அந்த மேடையில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறவர்.

“ஏசி போடுவீங்க, குஷன் சீட்டு போடுவீங்க, எல்லாம் சரி மேடம். மழ வந்தா உங்க கம்பெனிக்காரன் எங்கள உள்ள வுடுவானா? அத மொதல்ல சொல்லுங்க.”

“விடுவான். நான் எழுதி வாங்கித் தரேன்” என்றேன்.

எழுதி வாங்கியும் கொடுத்தேன். கம்பெனியின் வக்கீல்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு முறை உட்கார்ந்து பேசி, ஒருமுறை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, ஒப்பந்தத்தில் பதினெட்டாம் பிரிவாக அதை நுழைத்தேன். புயல், வெள்ளக் காலத்தில் அரங்கத்தின் கதவை மக்களுக்கு நிபந்தனையின்றித் திறந்துவிட வேண்டும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சவரிமுத்துவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை லேமினேட் செய்து வீட்டில் மாட்டிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிதம்பரத்துக்குத் திரும்பும் ரயிலில் எதிர் சீட்டில் இருந்த முகம் தெரியாத அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அடுத்து வந்தது உள்ளரங்கின் வரைபடம். ஆலோசனைக் குழுவில் சிதம்பரத்திலிருந்து ஒரு நாட்டிய ஆசிரியை இருந்தார். “பின் வரிசையில உக்காந்தவங்களுக்கு ஆடறவங்க பாதமே தெரியறதில்ல மேடம். பாதம் தெரியாம நாட்டியத்துல என்னத்தப் பாக்கறது?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் மகளின் அரங்கேற்றத்தையே முன்னால் இருந்தவர்களின் கொண்டைகளுக்கு நடுவில் பார்த்தவள் நான். தரையைச் சரிவாக்கச் சொன்னேன். பின்பக்கத்தை உயர்த்தினால் மேலே மாடி இடிக்கும், அதனால் முன்பக்கத்தைத் தோண்டி இறக்கலாம் என்றார் கம்பெனியின் கட்டட வடிவமைப்பாளர். மேடையும் கூடவே இறங்கியது. மேடைச் சாமான்களை வண்டியிலிருந்து நேராக இறக்க, மேடைக்குப் பின்னால், தெருவிலிருந்து சரிவாக இறங்கும் வழியோடு, தோண்டிய தரை மட்டத்திலேயே ஒரு அகலமான கதவும் வைத்தார்கள்.

வாசலில் ஐந்து படிகள் அப்படியே இருந்தன. அவற்றில் ஏறி உள்ளே போய், சரிவில் இறங்கினால், மேடைக்கு முன்னால் நிற்கும் இடம் தெருவைவிட இடுப்பளவு பள்ளம்.

அந்த வரைபடத்தை மூன்று நாள் மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தேன். வெளியேறும் வழிகளை எண்ணினேன், சக்கர நாற்காலிக்கு வழி கேட்டேன், மாடித் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சண்டை போட்டேன். தண்ணீர் என்ற வார்த்தை மட்டும் என் தலைக்குள் வரவே இல்லை. ஏனென்றால் தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலையை நான் முடித்துவிட்டதாக நினைத்தேன். அதுதான் பதினெட்டாம் பிரிவில் பத்திரமாக இருக்கிறதே. கையெழுத்துப் போட்டேன்.

அரங்கம் ஜோராகத் திறந்தது. அடுத்த மழைக்காலமும் வந்தது.

இரண்டு நாள் விடாத மழை. மேலே அணைகளில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு ஜீப்பில் முதுநகருக்குள் நுழைந்தபோது தெருவில் கணுக்காலுக்கு மேல் ஓடியது. அரங்கத்தின் ஐந்து படிகளிலும் தாழ்வாரத்திலும் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கைக்குழந்தைகள், கிழவர்கள், தலையில் டிவிப் பெட்டியோடு ஒருவர். கம்பிக் கதவில் பூட்டுத் தொங்கியது. சவரிமுத்து லேமினேட் செய்த காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

“பாருங்க மேடம், ஒரு மணி நேரமா கத்திக்கினு இருக்கோம். ஒருவாட்டி வந்தான், ஸ்கூலுக்குப் போங்கன்னு வெரட்டிட்டு உள்ள ஓடிட்டான். எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குறான்.”

அவர் சொன்னது அரங்கத்தின் மேலாளர் நவீனை. நெல்லிக்குப்பத்துக்காரர், சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகன், இருபத்தெட்டு வயது. அவருடைய போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நான் போராடி வாங்கிய பிரிவு, நான் கொடுத்த வாக்கு, நூற்றைம்பது பேர் முன்னால் பூட்டுப் போட்டுக் கிடக்கிறது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் கத்தினேன்.

நவீன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். மூச்சிரைத்தது. பேன்ட் தொடை வரை நனைந்து சேறாகியிருந்தது. கட்டடத்துக்குள்ளேயே இருந்த ஆளுக்கு எப்படிச் சேறு வந்தது என்று அரை நொடி யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை.

“மேடம், இங்க வேணாம் மேடம். ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க.”

“பூட்டைத் திற.”

“உள்ள பள்ளம் மேடம்...”

“பதினெட்டாம் பிரிவு என்ன சொல்லுதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும் மேடம். பின் கதவு வழியா தண்ணி வருது மேடம், நாங்க மூட்டை போட்டு...”

“வாய மூடு! கார்ப்பெட் நனைஞ்சிடும்னு கதை விடுறியா? போலீஸக் கூப்பிடவா?”

அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. விழாமல் போயிருந்தால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும். புதுக் கார்ப்பெட்டைக் காப்பாற்றக் கம்பெனிக்காரன் எந்தப் பொய்யும் சொல்வான் என்று நான் முன்பே முடிவு கட்டியிருந்தேன். அவர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சாவி” என்று கையை நீட்டினேன். கம்பி வழியாகக் கொடுத்தார். நானே திறந்தேன்.

ஜனங்கள் கை தட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது, மறைக்க என்ன இருக்கிறது.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் இல்லாத அரங்கம். “லைட்டப் போடு” என்றேன். “மெயின ஆஃப் பண்ணிட்டேன் மேடம்” என்றார் நவீன். அதையும் வீம்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஜனங்கள் செல்போன் வெளிச்சத்தில் சரிவில் இறங்கி நேராக மேடைக்கு முன்னால் போனார்கள். அதுதான் அவர்கள் காலங்காலமாகப் பாய் விரித்த இடம். நான் வாசலில் நின்று மேலதிகாரிக்குப் போன் போட்டு, “திறந்தாச்சு சார், நூத்தம்பது பேரு பத்திரமா இருக்காங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மேடம், இங்க தண்ணி நிக்கிது” என்று கீழேயிருந்து ஒரு பெண் குரல்.

இறங்கினேன். சரிவு கெண்டைக்காலில் தெரிந்தது. கடைசி வரிசைகளைத் தாண்டி, நடு வரிசைகளைத் தாண்டி, முதல் வரிசைக்கு வந்தபோது செருப்புக்குள் சில்லென்று தண்ணீர் ஏறியது. அப்போதுதான் வரைபடத்தின் ஓரத்தில் இருந்த எண் கண் முன்னால் வந்து நின்றது. தரை தெருவுக்கு எவ்வளவு கீழே என்று காட்டும், கழித்தல் குறி போட்ட எண். அதன் பக்கத்தில் என் கையெழுத்து.

மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பெரிய கதவுக்கு உள்பக்கமாக மணல் மூட்டைகளை அடுக்கி, கம்பெனியின் தொழிலாளிகள் இரண்டு பேர் முதுகைக் கொடுத்து நின்றார்கள். கதவின் இடுக்குகளில் இடுப்பு உயரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. நவீன் போனை எடுக்காமல் ஒரு மணி நேரம் செய்துகொண்டிருந்தது இந்த வேலையைத்தான். மின்சாரப் பெட்டி அந்தச் சுவரிலேயே முழங்கால் உயரத்தில் இருந்தது. மெயினை நிறுத்தாமல் விட்டிருந்தால் ஈரத்தில் கால் வைத்த முதல் ஆளே போயிருப்பார்.

கதவு போனால் பள்ளம் நிரம்பச் சில நிமிஷம் போதும். இருட்டு, நாற்காலி வரிசைகள், ஒடுக்கமான இரண்டு நடைவழிகள், நூற்றைம்பது பேர். பயம் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் தணிக்கை அதிகாரிகளைப் பற்றிய பயம்தான்.

“எல்லாரும் மேல வாங்க, இங்க இருக்கக் கூடாது” என்றேன். யாரும் அசையவில்லை. “இப்பதான தொறந்து வுட்டீங்க?” என்றார் ஒருவர். “அந்தக் கம்பெனிக்காரன் ஏதோ சொல்லிட்டான் மச்சான், மேடமும் அவன் பக்கம் சாஞ்சிட்டாங்க” என்றது இன்னொரு குரல். கைக்குழந்தையோடு ஒரு பெண் முதல் வரிசை நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். கதவு உடையப் போகிறது என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும், எழுந்து ஓடியிருப்பார்கள். அந்த இருட்டில் ஓடினால் தண்ணீர் வருவதற்கு முன்பே பத்துப் பேர் மிதிபட்டிருப்பார்கள். கத்தாமல் கெஞ்சவும் நேரமில்லை.

சவரிமுத்துவைக் கையைப் பிடித்து மேடைப் பக்கம் இழுத்துப் போனேன். காதருகில் சொன்னேன். “இந்தத் தரையத் தோண்டச் சொன்னது நான்தான். கையெழுத்துப் போட்டதும் நான்தான். தெருவ விட இடுப்பளவு கீழ நிக்கிறோம். பின் கதவு இப்பவோ அப்பவோன்னு இருக்கு. நவீன் சொன்னது நெஜம், நான்தான் கேக்கல. என்னைத் திட்டறதெல்லாம் அப்புறம் திட்டுங்க, இவுங்கள மேல ஏத்துங்க.”

செல்போன் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தார். காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேடையில் ஏறினார்.

“எல்லாரும் கேளுங்க! மாடிக்குப் போறோம். கடைசி வரிசைல நிக்கிறவங்க மொதல்ல ஏறுங்க. அப்புறம் அதுக்கு முன்னாடி வரிசை. முன்னாடி இருக்கறவங்க நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. ஏய் அந்தோணி, தள்ளாத! டிவிய வையிடா அங்கயே!”

வருஷா வருஷம் அறுபது பிள்ளைகளைத் தேவதூதராகவும் ஆடு மேய்ப்பவராகவும் அதே மேடையில் வரிசையில் நிறுத்திப் பழகிய குரல் அது. அந்தத் தெருவில் பாதிப் பேர் சிறுவயதில் அந்தக் குரலுக்கு நடுங்கியவர்கள். அப்படியே ஏறினார்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் மாடிப்படியின் கதவை நவீன் அதற்குள் திறந்து வைத்திருந்தார். மேலே ஓவியக் கண்காட்சிக்கூடம். “எத்தன பேரு தாங்கும் மேடம்?” என்று கேட்டார். அந்தக் கணக்கு மட்டும் எனக்கு மனப்பாடம். அறுபது பேருக்கு மேல் அனுப்பக் கூடாது என்றேன். பிள்ளைகள், அவர்களின் தாய்மார்கள், நடக்க முடியாத முதியவர்கள். நான் படியின் கீழே நின்று ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினேன். அறுபதுக்குப் பிறகு ஒரு புருஷன், பெண்டாட்டி மேலே போய்விட்டாள் என்று என்னை இடித்துக்கொண்டு ஏறப் பார்த்தார். நவீன் அவரைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார்.

மீதிப் பேர் கால் கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்து மாடிக்குப் போக வேண்டும். தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது, சாக்கடை எது சாலை எது என்று தெரியவில்லை. நவீன் ஓடிப் போய் மேடையின் புதுத் திரைச்சீலைக் கயிற்றை அறுத்து எடுத்து வந்தார். சவரிமுத்து முன்னால், நான் கடைசியில், நடுவில் தொண்ணூறு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கயிற்றின் கடைசி முனை படியை விட்டு இறங்கும் முன்பே உள்ளே மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. மூட்டை பிடித்திருந்த இரண்டு தொழிலாளிகளும் சரிவில் தவழ்ந்து ஏறி வெளியே வந்து விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருட்டில் நாற்காலிகள் பெயர்ந்து ஒன்றோடொன்று மோதுவது கேட்டது.

கைக்குழந்தைப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியை நினைத்துக்கொண்டேன். தண்ணீரில் நின்றபடியே வாய்விட்டு அழுதேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

யாரும் சாகவில்லை. ஆனால் நவீன் கம்பிக்குப் பின்னால் நின்று “இங்க வேணாம்” என்று சொல்வதை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். அது வாட்சப்பில் ஊரெல்லாம் சுற்றியது. கதவைத் திறக்க மறுத்த கம்பெனி, பூட்டைத் திறந்த பெண் அதிகாரி. விசாரணை வைத்தார்கள். கம்பெனி நவீனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. என் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மேட்டர் நமக்குச் சாதகமாத்தான் போவுது மேடம். நீங்க எதையும் கெளறாதீங்க. ரிட்டயர்மென்ட்டுக்கு ஏழு மாசம்தான இருக்கு” என்றார்.

பதினாறு நாள் நான் எதையும் கிளறவில்லை. இதை எழுதத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. வரைபடத்தில் போட்ட கையெழுத்து கவனக்குறைவு. இந்தப் பதினாறு நாளும் தெரிந்தே செய்தது.

பின்னால் என்ன ஆனது என்று கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. ஓய்வு பெறும் வாரம் வரை அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அரங்கத்தின் பள்ளத்தை நிரப்பி, பின் கதவைச் சுவராக்கிவிட்டார்கள். இப்போது பின் வரிசையில் பாதம் தெரியாது. நாட்டிய ஆசிரியை என்னைச் சிதம்பரம் கடைவீதியில் பார்த்தால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் மேஜைக்கும் இப்படி வரைபடங்கள் வரும். ஒரு விஷயத்தைக் காகிதத்தில் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதி வரும்போது அந்தக் கட்டடத்துக்கு மறுபடி போய் நில்லுங்கள். அங்கே பாய் விரிக்கிறவர்களிடம் வரைபடத்தைக் காட்டுங்கள். நான் காட்டியிருந்தால் சவரிமுத்து ஒரே பார்வையில், ‘மழ வந்தா இந்தப் பள்ளம் ரொம்பாதா மேடம்?’ என்று கேட்டிருப்பார்.

பதினேழாம் நாள் விசாரணை கடலூரில், ஒரு சின்ன அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி, கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு தட்டச்சுப் பெண், எதிரே நாங்கள் மூன்று பேர். சவரிமுத்துவை முதலில் கேட்டார்கள். “ஒரு மணி நேரம் கதவு பூட்டித்தான் இருந்துச்சு, அது உண்ம” என்றார். “மீதிய மேடம்தான் சொல்லணும்” என்று என்னைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நவீன்.

“உள்ள தண்ணி வர்றது உங்களுக்குத் தெரியும். கதவுகிட்ட வந்த அதிகாரிகிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

நவீன் மேஜையைப் பார்த்தபடி இருந்தார். கம்பெனிக்கு எங்கள் அலுவலகத்தோடு இன்னும் பதினாலு வருஷம் காலம் தள்ள வேண்டும். என்ன பதில் சொல்ல வேண்டுமென்று அவருக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“சொல்ல நேரம் கெடைக்கல சார்.”

தட்டச்சுப் பெண் அதை அடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு எழுந்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“அவரு சொன்னாரு சார். இங்க வேணாம்னு சொன்னாரு, உள்ள பள்ளம்னு சொன்னாரு, பின் கதவு வழியா தண்ணி வருதுன்னு சொன்னாரு. எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. வாய மூடுன்னு சொல்லி, சாவிய வாங்கி நான்தான் தொறந்தேன். அந்தப் பள்ளத்துக்கான வரைபடத்துல இருக்கறதும் என் கையெழுத்துதான்.”

நவீன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் நின்றிருந்தன.

“மேடம், ‘வாய மூடு’ன்னு அப்படியே அடிக்கவா? இல்ல, பேச அனுமதிக்கலன்னு மாத்திப் போடவா?”

“அப்படியே அடிம்மா” என்றேன்.